பழவேற்காட்டுப் பேருந்தில் ஏறவிருக்கும் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடா, பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலிருந்து கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பகுதிகளுக்குத் தொண்டுப் பணிக்கு வரும் இளைய தமிழர்களுக்கு,

தமிழ்நாட்டின் வடகிழக்கு மூலையில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் கூடூர் செல்லும் இருப்புப்பாதையும் ஆந்திர எல்லையை நெருங்கும் இடத்தில், மாநிலத்தின் கடைசி ரயில் நிலையமாக அமைந்திருக்கிறது ஆரம்பாக்கம். தெற்கே எளாவூர்ச் சோதனைச் சாவடியையும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையையும், வடக்கே தடாவையும் சூளூர்ப்பேட்டையையும் கொண்ட இந்தப் பகுதிக்குக் கிழக்கே, சில கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காடு ஏரி நீண்டு கிடக்கிறது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் மாலை வகுப்பு நடத்தவும், செங்கற்சூளைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கவும், வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மருத்துவ முகாம் நடத்தவும் வருகிற இளைஞர்கள், வாரம் முழுவதும் உழைத்தபின் ஒரு நாள் ஓய்வெடுக்க எண்ணும்போது முதலில் நினைவுக்கு வருவது பெரும்பாலும் இந்த ஏரிதான். அந்த ஒரு நாளைக் குறித்தே இம்மடல் எழுதப்படுகிறது. வாடகைக் காரை விடுத்து ஊர் மக்கள் ஏறும் பேருந்திலேயே ஏரிக்குச் செல்ல வேண்டும் என்பதும், அந்தப் பயணத்தைப் பணியிலிருந்து பெறும் விடுப்பாகக் கருதாமல் பணிக்கான படிப்பாகவே கொள்ள வேண்டும் என்பதும் இதன் வேண்டுகோள்.

வழி எளிது. ஆரம்பாக்கத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பயணிகள் ரயிலில் எளாவூர், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை நிலையங்களைக் கடந்து பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் பேருந்தைப் பிடிக்கலாம். அல்லது நெடுஞ்சாலைப் பேருந்தில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, மாறி மாறி ஏறிச் செல்லலாம். பழவேற்காடு ஊர் ஏரியின் தென்முனையில் இருப்பதால், ஏரிக்கு அருகிலேயே இருக்கும் ஆரம்பாக்கத்தினரும் தெற்கே இறங்கிச் சென்று, பிறகு கிழக்கே திரும்பியாக வேண்டும். ஏரியின் மேற்குக் கரையை மட்டும் காண விரும்புவோர் கும்மிடிப்பூண்டியிலிருந்து சுண்ணாம்புக்குளம் செல்லும் சாலையையும், பறவைகளைக் காண விரும்புவோர் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையின் தொடக்கப் பகுதியையும் தேர்ந்துகொள்ளலாம். எந்த வழியானாலும், திரும்புவதற்கான கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று போகும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பேருந்தை வற்புறுத்துவதற்குச் செலவுக் குறைவு மட்டும் காரணமன்று. முகாமிலும் வகுப்பறையிலும் தன்னார்வலர் எப்போதும் கொடுப்பவராகவே நிற்கிறார். பாடம், மருந்து, உடை, பணம், ஆலோசனை என எது கைமாறினாலும் அது ஒரே திசையில்தான் செல்கிறது, பெறுபவர் நன்றி சொல்லும் இடத்திலேயே நிறுத்தப்படுகிறார். பேருந்தில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. எந்தப் பேருந்து எங்கே போகும் என்று தெரியாதவர் தன்னார்வலர். தெரிந்தவர் கூடையுடன் நிற்கும் மூதாட்டி. சில்லறை இல்லாமல் தவிப்பவர் தன்னார்வலர். அதை மாற்றித் தருபவர் பக்கத்து இருக்கைக்காரர். நெரிசலில் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்பவரும், இறங்கும் நிறுத்தம் வந்ததும் தோளைத் தட்டிச் சொல்பவரும் வாரநாள்களில் ‘பயனாளிகள்’ என்று அறிக்கைகளில் குறிக்கப்படும் அதே மக்கள்தாம். உதவி பெறுவது எப்படியிருக்கும் என்பதை ஒரு மணி நேரமேனும் உடலால் அறிந்தவர், திங்கட்கிழமை வகுப்பில் உதவி செய்யும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார் என்று நம்ப இடமிருக்கிறது.

பேருந்து என்பது இப்பகுதியில் பிழைப்பின் ஒரு கருவியுமாகும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். ‘விடியல் பயணம்’ என்று பின்னர் பெயரிடப்பட்ட இத்திட்டத்தின் பயன் தொழிற்சாலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் பெண்களின் கைக்கே நேரடியாகச் சேர்கிறது. எனினும், சீட்டு இலவசமானதாலேயே மதிப்பும் கிடைத்துவிடுவதில்லை. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் துர்நாற்றம் வீசுவதாகச் சொல்லப்பட்டுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதும், அதை முதலமைச்சரே கண்டித்ததும் தமிழ்நாடு அறிந்த செய்தி. பழவேற்காட்டுப் பேருந்தில் பக்கத்தில் வைக்கப்படும் அலுமினியக் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் கசிந்து காலணியை நனைக்கும்போது முகம் சுளிக்காமலிருப்பது, சமத்துவத்தைப் பற்றிய ஒரு முழு நாள் பயிலரங்கைவிட மேலான பாடம். அந்தக் கூடைக்கு வழிவிட்டு, இறக்கும்போது ஒரு கைகொடுப்பது அதனினும் மேல்.

இனி ஏரியைப் பற்றிச் சில செய்திகள் சொல்லப்பட வேண்டும். பெயரில் ஏரி என்றிருப்பினும் பழவேற்காடு மழைநீர் தேங்கும் ஏரியன்று. அது ஓர் உவர்நீர்க் காயல், அதாவது ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலந்து நிற்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இதுவே. தெற்கு வடக்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைகின்றன. கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்ட மணல்திட்டாகக் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. கடல்நீர் முகத்துவாரத்தின் வழியே, அதாவது மணல்திட்டு அறுபட்டுக் கடலும் ஏரியும் சந்திக்கும் வாயின் வழியே, ஓதத்தின்போது உள்ளே ஏறி வற்றத்தின்போது வெளியேறுகிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வாயை அகலத் திறக்கிறது. கோடையில் அலை கொணரும் மணல் அதை அடைக்கிறது. வாய் அடைபட்டால் இறால் குஞ்சுகள் உள்ளே வர இயலாது, வளர்ந்தவை முட்டையிடக் கடலுக்குத் திரும்ப இயலாது, ஆவியாகும் நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவக் கிராமங்கள் பல ஆண்டுகளாக எழுப்பிவந்த கோரிக்கையாகும். வாயின் இருபுறமும் கற்சுவர் எழுப்பும் அரசுத் திட்டம் அதன் விளைவே. கரையில் நின்று அழகான நீர்ப்பரப்பு என்று வியப்பவர், அந்த வாய் திறந்திருக்கிறதா என்று ஒரு மீனவரிடம் கேட்டால், அவ்வாண்டில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியும் என்பதையே கேட்டவராகிறார்.

இந்த நீரில் எவரும் எங்கும் வலை போட்டுவிட முடியாது. பழவேற்காட்டில் தலைமுறைகளாக நிலவும் ‘பாடு’ முறை, இறால் மிகுந்து கிடைக்கும் இடங்களை வரையறுத்து, உரிமையுள்ள குடும்பங்களுக்கு முறை வைத்துப் பகிர்ந்தளிக்கும் ஊர் ஏற்பாடு. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது சீட்டுக் குலுக்கியும் சுழற்சி முறையிலும் தீர்மானிக்கப்படுகிறது. இன்று வளமான இடத்தில் நின்றவர் நாளை வளம் குறைந்த இடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். ஏரித் தரையில் கழிகளை ஊன்றி, அவற்றுக்கிடையே வலையைக் கட்டி, வற்றத்தின்போது நீரோடு வெளியேறும் இறாலை மறித்துப் பிடிப்பது இம்முறையில் கையாளப்படும் வழி. பொதுவளத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை உலகப் பல்கலைக்கழகங்கள் ஆராயத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே குப்பத்துக் கூட்டங்கள் அதற்கு விதி வகுத்து நடத்திவந்திருக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, வேளாண்மை அமைப்பு 1990களின் தொடக்கத்தில் இம்முறையைப் பற்றிய ஆய்வை வெளியிட்டதும் அதனால்தான். ‘சமூகத்தைத் திரட்டுதல்’, ‘பங்கேற்புத் திட்டமிடல்’ போன்ற சொற்களைப் பயிற்சி வகுப்பில் கற்று வரும் தன்னார்வலர்கள், அவற்றைச் செயலாக நடத்திக் காட்டும் ஊருக்குள் நுழைகிறார்கள் என்பதை மறக்கலாகாது.

அதே வேளையில், அந்த ஏற்பாட்டைக் குறையற்றதாகக் காட்டுவதும் நேர்மையாகாது. பாடு உரிமை குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்த, குறிப்பிட்ட ஊர்களின் குடும்பங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்துவந்திருக்கிறது; பெண்களுக்கும், தலித் மக்களுக்கும், இருளர் பழங்குடியினருக்கும் அதில் இடமில்லை. படகும் வலையும் உரிமையும் இல்லாத இருளர் பெண்கள் கரையோரத்துச் சேற்று நீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். இடுப்பளவு நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, விரலில் தட்டும் இறாலைப் பற்றி, பனையோலையால் முடைந்த ‘பறி’ என்னும் சிறு கூடைக்குள் போடுகிறார்கள். இரு கைகளும் வேலையில் இருப்பதால், அந்தப் பறியின் வாயைப் பற்களால் கடித்துப் பிடித்துக்கொண்டே மணிக்கணக்கில் நகர்கிறார்கள். சிப்பியும் முள்ளும் கிழித்த விரல்களில் உப்புநீர் பட்டு எரிந்துகொண்டேயிருக்கும். சுற்றுலாக் கையேடுகளில் இந்தக் காட்சி இடம்பெறுவதில்லை. இதைக் காண நேர்ந்தால் கைப்பேசியை எடுக்காமலிருப்பதும், கரையேறியபின் அவர்கள் விரும்பினால் பேசுவதும், விற்கும் இறாலைப் பேரம் பேசாமல் வாங்குவதும் தன்னார்வலர்களிடம் எதிர்பார்க்கப்படும் ஒழுக்கம்.

வெளியிலிருந்து வருபவர்கள் இவ்வூருக்குப் புதியவர்கள் அல்லர். 1610ஆம் ஆண்டு விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியுடன் இங்கே காலூன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியினர், 1613இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகத்தின் தலைநகர் பழவேற்காடுதான். இங்கு நெய்த துணி கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போய், அங்கிருந்து மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்க உதவியது. துணியோடு மனிதர்களும் கப்பலேற்றப்பட்டனர். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஆயிரக்கணக்கான தமிழரும் தெலுங்கரும் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இன்று கோட்டை இருந்த இடத்தில் புதரும் மேடும் எஞ்சியிருக்க, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் கம்பெனிக் குடும்பங்களின் பெயர்கள் செதுக்கு வேலைப்பாடு மிக்க கற்பலகைகளில் அழியாமல் நிற்கின்றன. கப்பலேற்றப்பட்டவர்களின் பெயரைத் தாங்கிய கல் ஒன்றுகூட அவ்வூரில் இல்லை. புலம்பெயர்ந்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது, தமிழர் கடல்கடந்து போன வரலாற்றின் மிகத் துயரமான வாயில்களுள் ஒன்றில் நிற்கிறோம் என்ற உணர்வுடன் நிற்பது தகும்.

நல்லெண்ணத்துடன் வந்தவர்களாலும் பிழைகள் நேர்ந்துள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கடற்கரையில் குவிந்த உதவிகளில், கண்ணாடியிழைப் படகுகள் பல இடங்களில் தேவைக்கு மேல் வழங்கப்பட்டன. எந்தக் கரைக்கு எத்தகைய படகு பொருந்தும், எத்தனை படகுகளை அந்த நீர் தாங்கும், படகின்றிக் கூலிக்குச் சென்ற தொழிலாளருக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே பொருள் வந்து இறங்கிவிட்டது. கொடுத்தவர்களின் மனம் தூயதாக இருந்தும் கேட்கும் பொறுமை குறைந்ததே அதற்குக் காரணம். பேருந்துக்காகக் காத்திருக்கவும், நெரிசலில் நின்று மற்றவர் பேச்சைக் கேட்கவும் பழகுவது அந்தப் பொறுமைக்கு ஒரு தொடக்கப் பயிற்சி என்பதாலேயே இம்மடல் பேருந்தை இத்தனை வலியுறுத்துகிறது.

பாதுகாப்பைக் குறித்து மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஏரி ஆழமற்றது என்ற எண்ணம் ஏமாற்றக்கூடியது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டம் நன்கு நீந்துபவரையும் இழுத்துச் செல்ல வல்லது. கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி மீனவர் ஒருவரைப் படகெடுக்கத் தூண்டும் தன்னார்வலர், தம் உயிரை மட்டுமின்றி அவருடைய உரிமத்தையும் பிழைப்பையும் பணயம் வைக்கிறார். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாகவும் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கிக் கோடை வரும் வரை பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இங்கே இரை தேடுகின்றன. அவை ஒன்றாக எழும்பிப் பறக்கும் படத்துக்காகக் கல்லெறிவதும் கைதட்டுவதும், நெடுந்தொலைவு பறந்து வந்த உயிர்களின் உணவு நேரத்தைப் பறிப்பதாகும்.

ஏரியின் வருங்காலம் அதன் கரைக்கு வெளியே எடுக்கப்படும் முடிவுகளையும் பொறுத்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை, வடசென்னை அனல்மின் நிலையங்கள், எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என இக்கடற்கரை நெடுகத் தொழில் அடர்ந்திருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம், கடலுக்கும் காயலுக்கும் இடையிலுள்ள குறுகிய மணற்பரப்பை அரிப்புக்கு ஆளாக்கும் என்று பழவேற்காட்டு மீனவக் கிராமங்கள் தொடர்ந்து எதிர்த்துவருகின்றன. இன்னொருபுறம், அதே தொழிற்சாலைகளில் கிடைக்கும் மாதச் சம்பளத்தை நம்பியே கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் வட்டாரத்தின் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரே வீட்டில் தந்தை வலைக்கும் மகன் கம்பெனி ஷிப்டுக்கும் செல்லும் ஊரில், ஓரிரு வாரம் தங்கிப் போகிறவர் தீர்ப்புச் சொல்ல அவசரப்படக் கூடாது. ஆயினும் அவர் தம் நாட்டுக்குத் திரும்பிப் பேசும்போது, கரையில் வாழ்வோர் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எடுத்துச் சொல்வது அவருடைய கடமையாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வார இறுதியில் நினைத்த இடத்துக்குப் பேருந்தேறிச் செல்வது ஓர் உரிமை என்பதும் அது எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை என்பதும் உணரப்பட வேண்டும். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் தொடங்கிய ஏதிலியர் வருகையின் தொடர்ச்சியாக உருவான கும்மிடிப்பூண்டி முகாம், தமிழ்நாட்டிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய முகாம்களுள் பெரியவற்றுள் ஒன்று. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. புதிய வீடுகளும் உதவித்தொகை உயர்வும் அறிவிக்கப்பட்டன. எனினும், 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்கே பெற்றோரின் குடியுரிமையைக் கேளாமல் பிறப்பால் குடியுரிமை உண்டு. அதன் பின் முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்து, சிப்காட்டில் வேலைக்கும் செல்லும் இளைஞர்களில் பெரும்பாலோர் சட்டத்தின் பார்வையில் இன்னும் குடிமக்கள் அல்லர். அவர்கள் ஆள் சரிபார்ப்பு நாள்களில் முகாமில் நேரில் நிற்க வேண்டும். வெளியூர் சென்று தங்க அனுமதி கேட்க வேண்டும். ஒரே போரிலிருந்து தப்பிய இரு குடும்பங்களில், விமானமேறி டொராண்டோ சேர்ந்த குடும்பத்தின் பேத்தி கனடியக் கடவுச்சீட்டுடன் தொண்டு செய்ய வருகிறார். படகேறி இராமேஸ்வரக் கரை சேர்ந்த குடும்பத்தின் பேத்தி அவரிடம் ஆங்கிலம் கற்கிறார். இருவரிடையே உள்ள வேறுபாடு திறமையால் வந்ததன்று. எந்தக் கடலைக் கடந்தார்கள், எந்த நாடு எந்தத் தாளில் கையெழுத்திட்டது என்பவற்றால் வந்தது.

ஆகவே, வருகைதரும் தன்னார்வலர்களிடம் இம்மடல் வேண்டுவது இவ்வளவே. ஏரிக்குப் பேருந்தில் செல்க; முகாமில் அனுமதியும் விருப்பமும் உள்ள இளைஞர்களை உடன் அழைத்து, அவர்களையே வழிகாட்டிகளாகக் கொள்க. அவர்களுக்கு அன்றைய கூலி இழப்பாகுமாயின் அதை ஈடுசெய்வது உதவியாகாது. உழைப்புக்குரிய ஊதியம் அது. உணவையும் மீனையும் பனையோலைப் பின்னல் பொருள்களையும் ஊர்க்காரர்களிடமே வாங்குக. பிளாஸ்டிக் குப்பையைத் திரும்ப எடுத்துவருக. சிறுவர்களின் முகங்களைப் படமெடுத்துப் பரப்பாதிருக்க. கேட்டறிந்ததைக் குறித்து வைத்து, அடுத்துவரும் தன்னார்வலர் குழுவிடம் ஒப்படைக்க.

திங்கட்கிழமை பணித்திட்டக் கூட்டம் கூடும்போது, முகாமைச் சேர்ந்தவர்களையும் குப்பத்தைச் சேர்ந்தவர்களையும் அழைத்து, என்ன தேவை என்பதை அவர்களே முதலில் சொல்லும்படி அமர்த்துவதும், அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் திட்டத்தை, அதற்கு வெளிநாட்டில் எவ்வளவு நிதி திரட்டப்பட்டிருப்பினும், கைவிடுவதும் அப்பயணத்தின் பயனாக அமைய வேண்டும். பேருந்தில் வழிகேட்டுப் பழகியவர்களுக்கு அது கடினமாக இருக்காது.

நல்வரவுடனும் நம்பிக்கையுடனும்,
ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்